கிழிசலிற் பிறந்த கோலம்

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம்மிடையே வழங்கும் பழமொழி. அரசனாயினும் ஆண்டியாயினும் அவரவர் நிலையை உலகத்துக்கு முதலில் அறிவிப்பது அவரவர் உடுத்த உடையே. நல்லுடை இல்லாதவன் ஊர்க் கூட்டத்தில் ஓரமாய் ஒதுங்கி நிற்பதும், பள்ளிப் பிள்ளை தன் சட்டையின் கிழிசலைப் புத்தகக் கட்டினால் மறைத்துக்கொண்டு நடப்பதும் நாம் கண்டறிந்த காட்சிகள். அவ்வாறு உடையினால் நாணிய ஒரு பிள்ளை, தன்னை நாணச் செய்த பொருந்தா உடையையே பின்னாளிற் கலைக்கோலமாக்கி உலகமெல்லாம் கண்டு மகிழச் செய்தான். அவனே சார்லி சப்ளின்.

சப்ளின் நடித்த படங்களைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். சிறு தொப்பி, சிறு மீசை, இறுகிய கோட்டு, தொளதொளத்த காற்சட்டை, பெருஞ் சப்பாத்து, மூங்கிற் பிரம்பு என்னும் ஆறு பொருளால் அமைந்த அந்தக் கோலம் எங்கிருந்து பிறந்தது, எவ்வளவு குறைந்த முதலில் உருவாயிற்று என்பதையே ஈண்டு நோக்குவோம்.

தாயின் கத்தரிக்கோல்

சப்ளின் 1889ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 16ஆந் திகதி தென் லண்டனிற் பிறந்தார். தந்தையார் சார்ள்ஸ் இசையரங்குகளிற் பாடிப் பெயர் பெற்றவர். தாயார் ஹன்னாவும் லிலி ஹார்லி என்னும் மேடைப் பெயரோடு பாடியும் ஆடியும் வந்தவரே. தந்தையார் மதுவுக்கு அடிமையாகிக் குடும்பத்தைப் பிரிந்தார். சார்லியையும், அவனுக்கு நான்கு வயது மூத்த சிட்னியையும் வளர்க்கும் பாரம் தாயின்மேல் விழுந்தது.

வாய்ப்பாட்டை நம்பி வாழ்பவருக்குக் குரலே நிலபுலன். அந்தக் குரல் ஹன்னாவைக் கைவிட்டது. 1894இல் ஆல்டர்ஷொட் என்னும் ஊரிற் படைவீரர் நிறைந்த அரங்கொன்றிற் பாடிக்கொண்டிருந்தபோது அவர் குரல் உடைந்தது. கூட்டம் கூச்சலிட்டது. அரங்கின் ஓரத்தில் நின்ற ஐந்து வயதுச் சார்லி மேடையேற்றப்பட்டான். அவன் பாடிய பாட்டுக்கு நாணயங்கள் வந்து விழுந்தன. மகனுக்கு முதலாவது மேடையாக அமைந்த அந்த இரவே தாயின் மேடை வாழ்வுக்கு ஏறத்தாழ இறுதியாயிற்று.

வீட்டுப் பொருள்கள் ஒவ்வொன்றாக விலைப்பட்டன. ஹன்னா விற்க மறுத்தது ஒரு பெட்டியை மட்டுமே. மினுங்கும் சரிகையுடைகளும் பொய்ம்முடியும் பிற அணிகளும் அடங்கிய நாடகப் பெட்டி அது. என்றேனும் ஒருநாள் குரல் திரும்பும் என்று அவர் நம்பியிருந்தார். மாலைவேளைகளில் அவ்வுடைகளை எடுத்துப் பிள்ளைகளுக்கு முன் அணிந்து, தாம் பாடிய பாட்டுகளைப் பாடி, பிற நடிகரைப்போல நடித்தும் காட்டுவார். ஒற்றை அறையில் நிகழ்ந்த அந்த நாடகங்களே சார்லிக்குக் கல்லூரியாயின.

வயிற்றுப் பாட்டுக்கு ஹன்னா கூலித் தையலை மேற்கொண்டார். வெட்டித் தரப்பட்ட துணிகளைச் சட்டைகளாகத் தைப்பது அவர் தொழில். பன்னிரண்டு சட்டைக்குக் கூலி 1 சிலிங் 6 பென்ஸ். அப்பன்னிரண்டையும் தைத்து முடிக்கப் பன்னிரண்டு மணி நேரம் செல்லும். ஒரு கிழமையில் 54 சட்டை தைத்ததே அவர் செய்த மிகப் பெரிய வேலை. அதற்குக் கிடைத்தது 6 சிலிங் 9 பென்ஸ். ஊராருக்கெல்லாம் புதுச்சட்டை தைத்துக் கொடுத்த அத்தாய்க்குத் தம் பிள்ளைகளுக்கென்று ஒரு முழத் துணி வாங்க வழியில்லை.

குளிர்காலம் வந்தது. சிட்னிக்கு இருந்த ஒரே மேற்கோட்டு சிறுத்துவிட்டது. தாயார் தமது பழைய வெல்வெட் மேலாடையை வெட்டி மகனுக்குக் கோட்டாக்கினார். அதன் கைகளிற் சிவப்பும் கறுப்புமான கோடுகள். தோளிலே பெண்கள் உடைக்குரிய மடிப்புகள். எவ்வளவு முயன்றும் அம்மடிப்புகளை நீக்க முடியவில்லை. சிட்னி அழுதான், ஆயினும் அணிந்தான். தாயாரின் உயர்குதிச் சப்பாத்தின் குதியைக் குறைத்து அதையும் அவனுக்குக் கொடுத்தார். சார்லிக்கு வாய்த்தது தாயார் மேடையில் அணிந்த சிவப்புக் காலுறை. நீளத்தைக் குறைத்தபோது அது மடிப்பு மடிப்பாகச் சுருங்கி நின்றது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் இருவருக்கும் பட்டம் சூட்டினர். விவிலியத்தில் வரும் பலவண்ண அங்கி அணிந்த யோசேப்பு என்று அண்ணனையும், முதலாம் எலிசபெத்து காலத்துக் கடலோடி பிரான்சிஸ் டிரேக் என்று தம்பியையும் அழைத்துச் சிரித்தனர். அக்கோட்டின் பொருட்டுச் சிட்னி பள்ளியிற் கைகலந்த நாள்களும் உண்டு.

அரங்கிற் கைதட்டல் வாங்கித் தந்த அதே துணி தெருவில் ஏளனத்தை வாங்கித் தந்தது. உடை ஒன்றுதான்; அது நின்ற இடமும் அணிந்த உடலும் மாறின. இந்த உண்மையைச் சார்லி நூலிற் படித்தறியவில்லை. தன் காலில் அணிந்தறிந்தான்.

அடகுக்கடையும் ஏழையர் விடுதியும்

1896இல் தாயும் பிள்ளைகளும் லாம்பெத் ஏழையர் விடுதியை அடைந்தனர். பின்னர்ப் பிள்ளைகள் ஹான்வெல் என்னும் இடத்திலிருந்த ஏழைப் பிள்ளைகளின் பள்ளிக்கு அனுப்பப்பட்டனர். அங்கே படர்தாமரை நோய் கண்டபோது சார்லியின் தலை மழிக்கப்பட்டு, மருந்து பூசப்பட்டுத் துணியாற் கட்டப்பட்டது. அந்நோய் கண்ட பிள்ளைகளை ஏனையோர் எவ்வளவு இழிவாக நோக்குவர் என்பதை அவன் முன்னரே அறிந்திருந்தபடியால் நெஞ்சம் குன்றினான்.

பிள்ளைகளைக் காணாமல் இருக்க மாட்டாத தாயார் ஒருமுறை ஓர் உபாயம் செய்தார். விடுதியை விட்டு விலகுவதாகச் சொல்லி மூவரும் வெளியேறினர். நுழையும்போது வாங்கி வைக்கப்பட்ட அவர்கள் உடைகள், கிருமி நீக்கும் ஆவியில் அவிந்து, சுருட்டிக் கட்டியபடியே திருப்பிக் கொடுக்கப்பட்டன. கசங்கிய அவ்வுடையோடே கெனிங்டன் பூங்காவிற்குச் சென்றனர். சிட்னியிடம் இருந்த ஒன்பது பென்சிற் செரிப்பழம் வாங்கி உண்டனர்; கடதாசியைப் பந்தாகச் சுருட்டி விளையாடினர்; பொழுது சாயுமுன் விடுதிக்கே மீண்டனர். கசங்கிய உடையுள்ளும் களிப்புக்கு இடமுண்டு என்பது அன்றைய பாடம்.

பின்னர்ச் சிட்னி தந்திச் சேவகனாக வேலை பெற்று, தனக்கென்று ஒரு நல்ல உடை வாங்கினான். வாரநாளில் அவனுக்குத் தந்தி அலுவலகச் சீருடை போதும். ஆகவே திங்கட்கிழமைதோறும் அந்நல்லுடை அடகுக்கடைக்குப் போகும். 7 சிலிங் வரும். சனிக்கிழமை மீட்கப்படும். ஓராண்டுக்கு மேலாக இவ்வாறு நடந்தது. ஒரு திங்கட்கிழமை கடைக்காரர் கையை விரித்துவிட்டார். காற்சட்டை ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்ந்துபோயிற்று என்பதே அவர் சொன்ன காரணம்.

1901இல் தந்தையார் இறந்தார். தாயாரின் மனநிலை குலைந்தது. 1898இல் முதன்முறை மனநோய் மருத்துவமனையிற் சேர்க்கப்பட்ட அவர் 1903இல் மீண்டும் அங்கே செல்ல நேர்ந்தது. அவரை அங்கே கொண்டு சேர்க்கத் துணைநின்றவன் பதினான்கு வயதுச் சார்லி.

நடையைப் படித்தல்

வறுமையிலும் ஹன்னா மகனுக்கு ஒரு வித்தையைக் கொடுத்தார். யன்னலருகே அமர்ந்து தெருவில் வருவோரைப் பார்ப்பார். இன்னார் காலை இழுத்து இழுத்து நடக்கிறார், சப்பாத்து மினுக்கப்படவில்லை, வீட்டிற் சண்டையிட்டுக் காலையுணவு கொள்ளாமல் வருகிறார் போலும் என்று சொல்லுவார். அவர் சொன்னது மெய்யென்று பின்னர்த் தெரியவரும். உடையும் நடையும் ஒருவர் வாழ்க்கையை எழுதிக் காட்டும் ஏடு என்று சார்லி கற்றுக்கொண்டான்.

அவன் தந்தையாரின் சகோதரரது மதுக்கடை வாயிலிற் குதிரைகளைப் பிடித்து நின்று காசு பெறும் கிழவர் ஒருவர் இருந்தார். நோயுற்ற கால், தொளதொளத்த காற்சட்டை, தள்ளாடும் நடை. அந்நடையைச் சார்லி வீட்டில் நடந்து காட்டினான். பிறர் துன்பத்தை நகைத்தல் கொடுமையென்று தாயார் கடிந்தார். ஆனால் கடிந்தபோதே சிரிப்பை அடக்கமாட்டாமல் முன்றானைத் துணியை வாயில் அடைத்துக்கொண்டார் என்று சப்ளின் பின்னாளிற் கூறியிருக்கிறார். இகழ்ச்சி எங்கே முடிகிறது, இரக்கம் எங்கே தொடங்குகிறது என்னும் வினாவை அத்தாய் அன்றே மகன்முன் வைத்துவிட்டார். அதற்கு விடை காண்பதிலேயே அவன் வாழ்நாள் கழிந்தது.

மரக்காலணி நடனக் குழுவிற் சிறுவனாகச் சேர்ந்த சார்லி, 1903இல் ஷேர்லொக் ஹோம்ஸ் நாடகத்தில் ஏவற்பையன் வேடம் பெற்றான். 1908இல் பிரெட் கார்னோவின் நகைச்சுவைக் குழுவிற் புகுந்து, 1910இல் அக்குழுவோடு அமெரிக்கா சென்றார். 1913இல் மக் செனற் நடத்திய கீஸ்டோன் படக்கம்பனி கிழமைக்கு 150 டொலர் சம்பளத்தில் அவரை அமர்த்தியது.

இரவலாற் சேர்ந்த கோலம்

முதற் படத்தில் அவர் அணிந்தது நீள்கோட்டு, உயர்ந்த தொப்பி, ஒற்றைக் கண்ணாடி, தொங்கு மீசை. அது மேடைகளிற் பலரும் கண்டு சலித்த போலிக் கனவானின் வேடம். செனற் நிறைவடையவில்லை. 1914 ஜனவரியில் ஒருநாள், ஏதேனும் ஒரு வேடிக்கைக் கோலம் புனைந்து வருமாறு சப்ளினை ஏவினார்.

உடையறைக்குச் சென்ற சப்ளின் புதிதாக எதையும் தைப்பிக்கவில்லை. காற்சட்டை பருத்த உடலினரான ஆர்பக்கிளுடையது. தொப்பி ஆர்பக்கிளின் மாமனாருடையது. சப்பாத்து போர்ட் ஸ்ரேர்லிங் என்பாருடையது, அளவு 14. மீசை மக் சுவெயினுக்கென்று வைத்திருந்த பொய்ம்மயிரிற் கத்தரித்தது. அக்கம்பனியாரிடையே வழங்கிய செய்தி இது. சப்பாத்து கழன்று விழாதிருக்க இடத்தை வலத்திலும் வலத்தை இடத்திலும் மாற்றி அணிந்தார் என்றும் கூறுவர்.

பொருள்கள் இரவலாயினும் அவற்றைச் சேர்த்த விதி சப்ளினுடையது. ஒவ்வொன்றும் மற்றொன்றுக்கு மாறாக இருத்தல் வேண்டும் என்பதே அவ்விதி. கோட்டு இறுக்கமானால் காற்சட்டை தொளதொளத்தது. தொப்பி சிறிதானால் சப்பாத்து பெரிது. இளைஞராகிய அவருக்கு மீசை வயதைக் கூட்டிற்று. ஆயினும் முகத்தின் பாவத்தை மறைக்காதபடி அது சிறிதாக நறுக்கப்பட்டது. 1914 பெப்ரவரி 7ஆந் திகதி வெளிவந்த சிறு படமொன்றில் மக்கள் இக்கோலத்தை முதன்முதலிற் கண்டனர்.

இதனை இரு பகுதியாகப் பிரித்துப் பார்த்தால் நுட்பம் விளங்கும். தொப்பியும் பிரம்பும் மீசையும் கனவானுக்குரியவை. காற்சட்டையும் சப்பாத்தும் நாடோடிக்குரியவை. இடையிலுள்ள கோட்டோ இரண்டுக்கும் பொதுவானது. ஒருகால் நல்ல கோட்டாக இருந்து இப்போது சிறுத்துப்போனது. மேலே மானம், கீழே வறுமை. உண்ண உணவில்லாதவன் தொப்பியைத் தூக்கி வணக்கம் செய்கிறான். உறங்க இடமில்லாதவன் கையுறையின் விரலை நளினமாக உருவுகிறான். தாயின் வெல்வெட் துணியிற் கோட்டணிந்து பள்ளிக்குச் சென்ற அண்ணனையும், சிவப்புக் காலுறையோடு பின்சென்ற தம்பியையும் அறிந்த நமக்கு இக்கோலம் புதிதன்று.

தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டென வகுத்தார். அவற்றுள் நகை பிறக்கும் நிலைக்களன்களில் எள்ளல் ஒன்று. அழுகை பிறக்கும் நிலைக்களன்களில் வறுமை ஒன்று. வறுமையை நகையின் பாற்படுத்த அவர் எண்ணவில்லை. வறியவனைக் கண்டு எள்ளி நகைப்பது கீழ்மக்கள் செயலேயன்றிக் கலையன்று. சப்ளினோ அழுகைக்குரிய நிலைக்களனில் நின்றே நகையைத் தோற்றுவித்தார். நகைப்பவர் எள்ளாமல் நகைத்தனர். நகைத்த கண்ணிலேயே நீரும் கசிந்தது. யன்னலருகே தாய் எழுப்பிய வினாவுக்கு மகன் கண்ட விடை இதுவே.

எல்லார்க்கும் எட்டிய வேடம்

1915ஆம் ஆண்டளவில் அமெரிக்காவெங்கும் சப்ளின் வேடப் போட்டிகள் நடந்தன. பாவைகளும் படங்களும் கடைகளை நிறைத்தன. அரசன் வேடம் புனைய முடியும் உடைவாளும் வேண்டும். சப்ளின் வேடத்துக்கு வேண்டியவையோ ஏழை வீட்டிலும் உண்டு: தந்தையின் காற்சட்டை, தம்பியின் கோட்டு, ஒரு தடி, மீசைக்குச் சிறிது கரி. நம் நாட்டுப் பாடசாலை விளையாட்டு விழாக்களில் நிகழும் வினோத உடைப் போட்டிகளிலும் இவ்வேடத்தை நாம் கண்டிருக்கிறோம்.

விளையாட்டாக அணிந்தவரோடு, வேடத்தை விற்றுப் பிழைத்தவரும் தோன்றினர். சார்ள்ஸ் அமடோர் என்னும் நடிகர் சார்லி அப்ளின் என்று பெயர் சூடி இதே கோலத்திற் படமெடுத்தார். சப்ளின் வழக்குத் தொடுத்தார். இத்தகைய தொப்பியும் காற்சட்டையும் முன்னரே பிறர் அணிந்தவை என்று எதிர்த்தரப்பு வாதித்தது. ஆயினும் அக்கோலத்தைப் பொதுமக்களை மயக்கும் வண்ணம் மற்றொருவர் பயன்படுத்தலாகாது என்னும் தீர்ப்பை 1928இல் கலிபோர்ணியா மேன்முறையீட்டு நீதிமன்றம் உறுதிசெய்தது. இரவற் பொருளாற் சமைத்த கோலத்துக்கு நீதிமன்றமே உரிமை வழங்கிற்று.

1916இல் அவர் சம்பளம் கிழமைக்கு 10,000 டொலராயிற்று. பொருள் பெருகியபோதும் கோலத்தின் கிழிசலை அவர் தைக்கவில்லை. 1921இல் வெளிவந்த கிட் என்னும் படத்தில், தெருவிற் கண்டெடுத்த குழந்தைக்குப் பழந்துணியை வெட்டி அணையாடை செய்கிறான் நாடோடி. கோப்பிக் குவளையைப் பாற்போத்தலாக்குகிறான். காலையில் எழுந்து, கிழிந்த போர்வையின் ஓட்டையில் தலையை நுழைத்துக்கொள்ள, போர்வை மேலங்கியாகிவிடுகிறது. திரையரங்கு சிரித்தது. கத்தரிக்கோலோடு நின்ற ஹன்னாவை அறிந்தவருக்கு அச்சிரிப்பினூடே வேறொன்றும் தெரிந்திருக்கும். 1925இல் வந்த கோல்ட் றஷ் படத்திற் பசி தாளாமற் சப்பாத்தையே வேகவைத்துத் தின்கிறான் நாடோடி. நடிப்புக்கென அச்சப்பாத்து அதிமதுர இனிப்பாற் செய்யப்பட்டது. அதன்பின் ஒருகாலிற் சப்பாத்தும் மறுகாலிற் கந்தற் கட்டுமாகவே அவன் உலவுகிறான்.

1931 செப்டெம்பர் 22ஆந் திகதி லண்டனில், வட்டமேசை மாநாட்டுக்கு வந்திருந்த காந்தியடிகளைச் சப்ளின் சந்தித்தார். அடிகள் மதுரையில் மேலாடை துறந்து ஏழையின் அரையாடையை மேற்கொண்டது 1921 செப்டெம்பர் 22. சரியாகப் பத்தாண்டு இடையிட்ட நாள். ஏழையின் உடையை ஒருவர் அறமாக அணிந்தார். ஒருவர் கலையாக அணிந்தார். இருவரையும் உலகம் அவ்வுடை கொண்டே அடையாளங் கண்டது. மறு ஆண்டு, 1932இல், கீழைநாடுகளுக்குச் சென்ற வழியிற் சப்ளின் கொழும்பில் இறங்கிக் கண்டியையும் கண்டு சென்றார்.

1936இல் வந்த மொடேர்ன் ரைம்ஸ் படத்தோடு நாடோடி விடைபெற்றான். அப்படத்திற் பாட்டின் சொற்களைச் சட்டையின் கைப்பட்டியில் எழுதிக்கொண்டு மேடையேறுகிறான்; கையை வீசியதும் பட்டிகள் கழன்று பறக்கின்றன. பொருளற்ற ஒலிகளையே பாட்டாகப் பாடிக் கூட்டத்தை வெல்கிறான். குரல் இழந்து தாய் தோற்ற மேடையை, சொல் இழந்தும் மகன் வென்றான் என்று நாம் எண்ணி மகிழலாம். 1940இல் வந்த கிறேற் டிக்ரேற்றர் படத்தில் உடையின் வேறொரு முகத்தைக் காட்டினார். அவருக்கு நான்கு நாள் பின்னர்ப் பிறந்த ஹிட்லரை நினைவூட்டும் கொடுங்கோலனாகவும், எளிய நாவிதனாகவும் அவரே நடித்தார். சீருடை அணிந்த நாவிதனைப் படையெல்லாம் தலைவனென்று வணங்குகிறது. உடையைக் கண்டு வணங்கும் உலகம், உடையைக் கண்டு நகைத்த பள்ளிக்கூடத்தினும் அச்சம் தருவதாயிருந்தது.

நிறைவு

மனந் தளர்ந்த தாயாரை 1921இல் பிள்ளைகள் அமெரிக்காவுக்கு அழைத்துப் பேணினர். 1928இல் அவர் அங்கே காலமானார். அரசியற் பகையால் 1952இல் அமெரிக்காவை நீங்கிய சப்ளின் சுவிற்சர்லாந்திற் குடியேறினார். 1972இல் அமெரிக்கத் திரையுலகம் அவரை மீள அழைத்து ஒஸ்கார் விருதளித்தபோது, அரங்கில் அவர் கையிற் கொடுக்கப்பட்டவை ஒரு தொப்பியும் ஒரு பிரம்பும். 1977 டிசம்பர் 25ஆந் திகதி உலக வாழ்வை நீத்தார். பத்தாண்டு கழித்து, 1987இல், அவருடைய தொப்பியும் பிரம்பும் லண்டனில் 82,500 பவுணுக்கு ஏலம் போயின. அதே மாநகரிலேதான் ஹன்னா 54 சட்டை தைத்து 6 சிலிங் 9 பென்ஸ் பெற்றார்.

நாடகமோ வினோத உடைப் போட்டியோ வரும்போது விலையுயர்ந்த உடை இல்லையே என்று பின்வாங்கும் மாணாக்கர் உளர். கண்ணும் கத்தரிக்கோலும் இருந்தாற் கோலம் வரும் என்பதற்கு இவ்வரலாறு சான்று. அதனினும் பெரிதொன்று ஆசிரியராகிய நம் கடமை. அண்ணனின் சட்டையைச் சுருக்கித் தைத்து அணிந்து வகுப்புக்கு வரும் பிள்ளை ஒவ்வோர் ஆண்டும் வருவான். அவனைக் கண்டு பின்வரிசையில் ஒரு சிரிப்பும் எழும். அன்று பாடத்தைச் சற்றே நிறுத்தி, வெல்வெட் கோட்டணிந்த சிட்னியின் கதையையும் சிவப்புக் காலுறையணிந்த சார்லியின் கதையையும் சொல்லுதல் வேண்டும்.